கடைசி சீட்டில் உன் தங்கை

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். தங்கைக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னோம் இல்லையா, அது காய்ச்சல் இல்லை கண்ணா. அவ்வளவு தூரத்தில் உனக்குச் சோறு இறங்காது என்று அப்பாதான் மறைக்கச் சொன்னார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, பதறாமல் மேலே படி.

அப்பா ஓட்டும் பள்ளி பஸ் நம் தெருவிலிருந்துதான் கிளம்புகிறது, ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், அதனால் உன் தங்கை இருட்டோடு எழுந்து முதல் ஆளாக ஏறுவாள். பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கியதும் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு, "காலிப்பா" என்று குரல் கொடுத்துப் பின்கதவு வழியாக இறங்குவதும் அவள் பொறுப்புதான். அன்றைக்குக் கடைசி சீட்டில் சுருண்டு தூங்கிப்போனவள் தூக்கத்திலேயே "காலிப்பா" என்றிருக்கிறாள், தினமும் சொல்லிப் பழகிய வாய்தானே. அப்பாவும் கேட்டுப் பழகிய காதோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துமிடத்தில் விட்டு, பூட்டிவிட்டு வந்துவிட்டார். கண்ணாடியெல்லாம் மூடியிருக்கிறது, மேலே வெயில். முழித்துத் தட்டியிருக்கிறாள், அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? பஸ் கழுவ வந்த பெண் கண்ணாடியில் ஒரு கையைப் பார்த்து அலறியதால் பிள்ளை நமக்குக் கிடைத்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்பா வார்டுக்குள் வரவே இல்லை, வெளி வராந்தாவிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ராத்திரி செல்போன் பார்ப்பதால் வந்த வினை என்று நீயும் சொல்வாய். நானும் அப்படித்தான் குதித்தேன், ஆனால் போன் ராத்திரி முழுக்க என் பீரோவுக்குள் அல்லவா இருக்கிறது. டாக்டரம்மாதான் புரிய வைத்தார். இந்தப் பதின்மூன்று, பதினாலு வயதில் உடம்பே தூக்கத்தைத் தள்ளிப் போடுமாம், சீக்கிரம் படுக்க வைத்தாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்குமாம், "சோம்பேறித்தனம் இல்லம்மா, வயசு அப்படி" என்றார். நான் அவளைக் கும்பகர்ணி என்று திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

பிறகு பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கலாமா என்று கேட்டார்கள். நம் எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து, "நாங்கல்லாம் கோழி கூவுறதுக்கு முன்னாடி எழுந்தவங்க, கெட்டா போயிட்டோம்? அப்புறம் நான் எப்ப கடை திறக்கிறது?" என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் தயக்கம்தான், சலவைக்கூடத்துக்கு நான் விடியலிலேயே போக வேண்டும், அதற்கப்புறம் அவளை யார் எழுப்பிக் கிளப்புவது? அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத மனுஷன். "தினமும் கண்ணாடியில பார்க்கிறேன், எல்லாப் பிள்ளைங்களும் சத்தமே இல்லாம வருதுங்க. நல்லா வளர்த்திருக்காங்கன்னு நினைச்சேன். தூங்குதுங்கன்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதம் என்று கை தூக்கினார், ஆனாலும் தூக்கினார்.

போன திங்கட்கிழமை முதல் புது நேரம். உன் தங்கை நான் எழுப்பாமலே எழுந்தாள். இப்போது சீட்டுகளை அப்பாவே குனிந்து பார்க்கிறாராம், அவளிடம் விடுவதில்லை. முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தவர், "என்ன கூச்சல், என்ன சண்டை, காது செவிடாயிடுச்சு, உன் பொண்ணுதான் அதுல தலைவி" என்று குறைப்பட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் கண்ணா. வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. பஸ்ஸில் பிள்ளைகள் எப்படி என்று மட்டும் கேள், அவர்களைச் சரமாரியாகத் திட்டுவார், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா