என் மடிக்கு ஒரு வாரிசு

மார்ச் 4, செவ்வாய்
பெரம்பலூர்

எறையூர் கல்யாணத்துக்குப் போன நாற்காலிகள் இன்று திரும்பி வந்தன. ஒன்றுக்குக் கால் இல்லை. விசாரித்ததில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்தாராம். ஆலைக்குப் போகும் ஒரு டிராக்டர் கரும்பின் எடை இருப்பார் என்று பந்தல்காரப் பையன்கள் சொன்னார்கள். நான் இரண்டு டிராக்டர் என்றே எழுதி வைக்கிறேன்.

மற்றபடி, பெரம்பலூர் அரியலூர் இரு மாவட்டங்களின் நாற்காலி, பந்தல், மைக்செட் சக்கரவர்த்தியாகிய உத்திராபதி என்னும் நான் நலமே. முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி.

சாயங்காலம் சத்யப்பிரியா வீடியோவில் வந்தாள். என் அக்கா மகள், அமெரிக்காவில் ஒஹையோவில் நர்ஸ். அவள் பிள்ளை இளவரசனுக்கு வைகாசியில் மொட்டையடித்துக் காது குத்தப்போகிறார்களாம், அங்கேயே. வேண்டுதல் என்னவோ செட்டிகுளம் முருகனுக்குத்தான். ஆனால் இப்போது ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று மாப்பிள்ளை மணிமாறனுக்குப் பயம். முருகன் பொறுத்துக்கொள்வார். மலை எங்கேயும் போய்விடாது.

சத்யாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆகவே தாய்மாமன் ஸ்தானத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை பூவுலகில் எனக்கு மட்டுமே. "மாமா, எப்படியாவது விசா எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். அமெரிக்காவுக்கு அந்தப் பாக்கியம் இருந்தால் தடுக்க நான் யார்?

பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குறுக்கே போனாள். நல்ல உயரம். நல்ல கறுப்பு, என்னையே சிவப்பு என்று சொல்ல வைக்கிற கறுப்பு. யாரு புள்ள அது என்றேன். மாரி-லூர்து, ஹைத்தி நாட்டுக்காரங்க, நான் டூட்டிக்குப் போனா இவனை அவங்கதான் பாத்துக்கறாங்க என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஹைத்தி எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்தேன். அமெரிக்காவுக்குக் கீழே கடலில் ஒரு தீவு, அதில் ஒரு பக்கம். அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் எழுந்து பிரெஞ்சுக்காரனை அடித்து விரட்டிவிட்டுத் தாங்களே நாடு அமைத்த இடம். இன்று தலைநகரத்தில் பாதிக்குமேல் துப்பாக்கிக் கும்பல்கள் கையில்.

மாரி-லூர்து கதையைச் சத்யா சொன்னாள். பூகம்பத்தில் வீடு போய், பிரேசிலுக்குப் போய், அங்கே வேலை போய், பிறகு பஸ், படகு, நடை. நடுவில் பாதையே இல்லாத ஒரு காடு. வயிற்றில் பிள்ளையோடு அந்தக் காட்டைத் தாண்டியிருக்கிறாள். மகள் எஸ்தேர் அமெரிக்காவில் பிறந்தாள். இப்போது மாரி-லூர்து ராத்திரியில் குடோனில் பெட்டி கட்டுகிறாள், பகலில் நம் இளவரசன். எப்போதுதான் தூங்குவாள் என்றேன். பஸ்ஸில் என்றாள்.

போன மாதம் ஜெயங்கொண்டத்தில் பஸ் நிற்காமல் போனதால் அடுத்த நிறுத்தம் வரை நான் நடந்ததை இன்றுவரை ஒரு யுத்தகாண்டமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இனிமேல் சொல்வதில்லை. குறைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. அவர்கள் நாட்டில் புது வருஷத்தன்று பரங்கிக்காய் சூப் வைப்பார்களாம். பண்ணையில் அடிமைகளாக இருந்தபோது அவர்களே சமைக்க வேண்டும், வாயில் வைக்கக்கூடாது. விடுதலை வாங்கிய நாளில் நாடே உட்கார்ந்து அதைக் குடித்ததாம். பரங்கிக்காயை நான் காய் என்றே ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

விசாவுக்குப் பட்டு வேட்டியா, பேண்ட்டா? வேட்டியைப் பார்த்து மயங்கிக் குடியுரிமையே கொடுத்துவிட்டால் என் நாற்காலிகள் அநாதை ஆகிவிடுமே.

ஏப்ரல் 23, புதன்

இல்லை என்றுவிட்டார்கள்.

சென்னை வரை போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. நல்ல பிள்ளைதான், சிரித்துக்கொண்டேதான் சொன்னது. யாருக்காகத் திரும்பி வருவீர்கள் என்று கேட்டது. பெண்டாட்டியா, பிள்ளையா? நாற்காலிகள் இருக்கின்றன என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

அமெரிக்கா பயந்துவிட்டது என்று டீக்கடையில் அறிவித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் பட்டு வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மே 6, செவ்வாய்

ஹைத்திக்காரர்கள் தற்காலிகமாக இருக்கலாம் என்று கொடுத்திருந்த அனுமதியைச் சுருக்கிவிட்டார்களாம். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ஒரு நாள் இருக்கலாம் என்கிறார்கள், மறுநாள் கிளம்பு என்கிறார்கள். எஸ்தேர் அங்கே பிறந்தவள், அவளைப் போகச் சொல்ல மாட்டார்கள். அம்மாவைத்தான் போகச் சொல்வார்கள். இது என்ன நியாயம்? வாலை விட்டுட்டு மாட்டை ஓட்டுவாங்களா?

ஊருக்குத் திரும்பிப் போகமுடியாது. பக்கத்து நாடு மெக்சிகோ இருக்கிறது, கனடா இருக்கிறது. கனடாவில் மாண்ட்ரியால் என்ற ஊரில் அவள் அக்கா இருக்கிறாளாம். உடன்பிறந்தவர் இருந்தால் எல்லையில் போய் அடைக்கலம் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கேட்கலாம், அவ்வளவுதான். அங்கேயும் மறுத்துவிட்டால் அமெரிக்காவிடமே திருப்பிப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

மணிமாறன் சொல்கிறான்: "மாமா, நாம முறையா விசா வாங்கி வந்தவங்க. இதுல தலையிட்டா நமக்கும் சிக்கல்." அவன் பயம் பொய்யில்லை. அவனுக்கும் ஒரு காகிதத்தில்தான் உயிர் தொங்குகிறது. ஆனாலும் அந்த 'நாம'வுக்குள் நான் இல்லை. பதினைந்து நாள் முன்னால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். வாசலில் வைத்தே வேண்டாம் என்றதற்கே சோறு இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பிள்ளை வளர்க்கிறவளை எழுந்திரு என்றால்—

ஆகையால் இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பெரம்பலூர் முழுவதையும் மாரி-லூர்துக்கு எழுதிவைத்தேன். என் மாடி அறை காலி. தண்ணீர் காலையில் வரும். அரியலூரும் ஒரு காலத்தில் கடலாக இருந்த ஊர்தான், தோண்டினால் இன்றும் சிப்பி கிடைக்கிறது. தீவுக்காரிக்கு ஒத்துப்போகும்.

சத்யா இதை மொழிபெயர்த்துச் சொன்னாளாம். மாரி-லூர்து சிரித்துவிட்டு, பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம்.

மே 18, ஞாயிறு

காலையில் சத்யா. "மாமா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. மாரி-லூர்து மடியில வச்சுக் குத்தலாமா? அவங்ககிட்டதான் இவன் அழாம இருப்பான்." கூடவே, "அவங்களும் எத்தனை நாள் இருப்பாங்களோ" என்றாள்.

நாற்காலியை வாடகைக்கு விடுவேன். மடியை இதுவரை யாருக்கும் விட்டதில்லை. யோசிச்சுச் சொல்றேன் புள்ள என்று வைத்துவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன், அக்காவிடம் பேச.

அக்கா அம்பிகா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், தமிழர், அவர் மடியில் வைக்கட்டும் என்கிறாள். பொம்பள எப்படிடா மாமன் ஆவா என்கிறாள். ராஜாங்கத்தில் பெண் வாரிசு செல்லும் என்றேன். அப்போதுதான் போனை எடுத்துக் காட்டினாள். யாரோ அனுப்பிய வீடியோ. ஹைத்திக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று ஒருவன் தமிழில் கத்துகிறான்.

"பூனை தின்னிகிட்டயா என் பேரன குடுக்கறது?"

என்னால் வேடிக்கை பேச முடியவில்லை. அது பொய், அந்த ஊர் அதிகாரிகளே பொய்யின்னு சொல்லிட்டாங்கக்கா என்றேன். கேட்கவில்லை. பிறகு எப்படி வாயில் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"உடையார்பாளையத்துல பள்ளிக்கூடத்துல நம்மள என்னக்கா சொல்லிக் கூப்பிட்டாங்க?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "எலி தின்னின்னு" என்றாள்.

"ம்."

"நாம தின்னோம்ல."

"தின்னோம். நல்லா இருந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அறுவடை முடிந்த வயலில் அப்பா எலி வளை வெட்டுவதும், நாங்கள் சட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பதும், மறுநாள் வகுப்பில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காராததும். எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்ன?" என்றாள்.

மே 19, திங்கள்

சத்யாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். மடி தற்காலிகமாகத்தான், பட்டம் என்னுடையதே என்றும் சொன்னேன். எழுத்துமூலம் வேண்டுமா என்றாள். திமிர். என்னைப் போலவே.

ஜூன் 8, ஞாயிறு. அரியலூர்

வரலாறு காணாத காதுகுத்து. பிள்ளை ஒஹையோவில், பந்தல் அரியலூரில்.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டேன், வாழைமரம் கட்டினேன், மைக்செட் வைத்தேன், கிடா வெட்டினேன். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அதில் ஒஹையோவை ஓடவிட்டேன். இங்கே சாயங்காலம், அங்கே காலை. கூட்டம் ஒரு லட்சம். (தெரு முழுக்க. நாற்காலி போதவில்லை.)

மாரி-லூர்து புடவையில் வந்தாள், சத்யாவுடையது. உயரத்துக்குக் கணுக்கால் தெரிந்தது. மாமன் சீர் கொண்டுவர வேண்டும் என்று யார் சொன்னார்களோ, தட்டு நிறையப் பழம், பிள்ளைக்குச் சட்டை. பின்னால் எஸ்தேர், இரண்டு கையாலும் ஒரு பரங்கிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. சீர்த்தட்டில் பரங்கிக்காயா என்று பந்தலில் ஒரே சிரிப்பு. மைக் என் கையில்தானே இருந்தது. அது ஒரு நாடு விடுதலை ஆன அன்று சமைத்த காய் என்று சொன்னேன். மிகைப்படுத்தாமல் நான் மைக்கில் பேசியது அதுவே முதல் தடவை. சிரிப்பு நின்றது.

மடியில் வைத்தாள். பிள்ளையின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ பாடினாள். ஒரு காது. அழவில்லை. மறு காதுக்குத்தான் வீல் என்றான். அவனைவிட அவள் கண்ணில்தான் தண்ணீர் அதிகம். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெற்ற தாயிடமே போகமாட்டேன் என்றது.

என் மடியை ஒரு தடவை பார்த்தேன். பொறாமையா? கொஞ்சம். அந்தக் கை மாதிரி என் கை இருந்திருக்காது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பந்தலில் யாரோ அக்காவிடம், யாருங்க அந்தம்மா என்று கேட்டார்கள். அக்கா பந்தி போடச் சொல்லி எழுந்து போனாள்.

ஜூன் 9

ஒரு நாற்காலிகூட உடையவில்லை. இதுவும் வரலாறு.

ஜூலை 11, வெள்ளி

மாரி-லூர்து இனிக் காத்திருக்கப் போவதில்லை. குடோனில் உடன் வேலை பார்த்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எஸ்தேரோடு கனடா எல்லைக்குக் கிளம்புகிறாள். எந்த ஊரில் விரட்டினாலும் அடுத்த ஊருக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டு கிளம்புகிறாளே, இவளுக்கு நெஞ்சு எதில் செய்தது?

கொண்டுபோய் விடுவது யார்? மணிமாறன். நமக்குச் சிக்கல் என்றானே, அதே மணிமாறன். லீவு போட்டுவிட்டுக் கார் எடுத்திருக்கிறான். மருமகன் மேல் எனக்கு மதிப்பு பொங்கிவிட்டது. அவனிடம் சொல்லமாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா ஏலாக்குறிச்சிக்குப் போகலாம் என்றாள். அடைக்கல மாதா கோயில். மாரி-லூர்து என்பது லூர்து மாதாவின் பெயர்தானாம். இத்தனை வருஷத்தில் நாங்கள் பஸ்ஸில் தாண்டிப் போனதோடு சரி, உள்ளே போனதில்லை. அக்கா மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள். எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் முருகனுக்குக் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டாள். "உன் பேரு வச்ச பொண்ணுதான். வுட்டுடாத" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஜூலை 14

மணிமாறன் எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். உள்ளே போனவர்களிடமிருந்து செய்தி இல்லை.

ஜூலை 15

இல்லை. அக்கா நாலு தடவை போன் செய்துவிட்டாள். வேப்பூரில் ஒரு வளைகாப்புக்கு மைக் கட்டப் போனவன், ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

விட்டுவிட்டார்கள். மாரி-லூர்தின் அக்கா உறவை நிரூபிக்கச் சொல்லிக் குடைந்து எடுத்துவிட்டு விட்டார்களாம். மாண்ட்ரியாலில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். விசாரணை பிறகுதான், அதில் என்ன சொல்வார்களோ. ஆனால் இன்று கனடாவில் தூங்குகிறார்கள், பஸ்ஸில் இல்லை.

கடையில் ஒலிபெருக்கியைப் போட்டு நாதஸ்வரம் வைத்தேன். எந்த வீட்டு விசேஷம் என்று தெருவில் கேட்டார்கள். நம் வீட்டு விசேஷம் என்றேன்.

ஜனவரி 7, புதன்

பொங்கல் சீர் அனுப்ப அக்காவோடு கூரியர் ஆபீசுக்குப் போனேன். வருஷா வருஷம் ஒஹையோவுக்கு ஒரு பெட்டி. இந்த வருஷம் அக்கா இரண்டு பெட்டி கட்டியிருந்தாள். ஒரே மாதிரி புடவை, ஒரே மாதிரி முறுக்கு, எஸ்தேருக்குப் பாவாடை சட்டை. இரண்டாவதில் அடியில் ஒரு பரங்கிக்காய். நானே பார்க்கவில்லை.

காயெல்லாம் கனடாவுக்குப் போகாதும்மா என்று கூரியர் பையன் வெளியே எடுத்து வைத்தான். அக்கா அவனிடம் கொஞ்சம் வாதாடிப் பார்த்தாள். பிறகு காயை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

மாரி-லூர்துக்கு விசாரணை வைகாசியிலாம். தெரியவில்லை, என்ன ஆகுமோ.

பையன் விலாசத்தை எழுதிக்கொண்டே, "ஒஹையோல பொண்ணு, சரி. கனடாவுல யாரும்மா இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டான்.

மாமன் நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், இரண்டு மாவட்டச் சக்கரவர்த்தி, கையில் பரங்கிக்காயோடு. அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

"எம் பேரனுக்கு மாமன் வூடு" என்றாள்.

ராத்திரி அந்தக் காயை நானே நறுக்கிச் சூப் வைத்தேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. எழுந்து நின்று குடித்தேன்.