ஆணி பிடிக்காத சுவர்

என்னைத் திட்டுவதற்கென்றே தொண்டையைச் செருமிக்கொள்ளும் என் பிரியமான மாமாவுக்கு,

போன வாரம் உங்களுக்கு வருஷத் திவசம் முடிந்தது. வடை மொறுமொறுப்பாக வந்தது, பாயசத்தில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். இதையெல்லாம் மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அன்றைக்கு உங்களைக் கீழே விழவைக்க இருந்தேன்.

முதலிலிருந்து வருகிறேன். பெரம்பலூர் வீட்டில் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த அந்தப் பத்துக்கு எட்டு அறைக்குள் என் அக்கா ஒரு வருஷமாகக் காலெடுத்து வைக்கவில்லை. காபியோடு வந்து உங்களைத் தொட்டுப் பார்த்தாளே, அன்றைக்கு வெளியே போனவள்தான். அவளுடைய பீரோ உள்ளேதான் இருக்கிறது. சேலை வேண்டுமென்றால் மருமகளை அனுப்புவாள். அந்தப் பெண் பச்சைச் சேலைக்கு ஊதா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வரும். அக்கா அதையே உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பாள். எப்பேர்ப்பட்ட அலங்காரக்காரி அவள், உங்களுக்குத் தெரியாதா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. (சிரிக்காதீர்கள். எனக்கும் வரும்.) அறையின் முகத்தை மாற்றிவிட்டால் அவள் உள்ளே வரமாட்டாளா? அரியலூரில் என் நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன்: மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிறார்களே, அந்த எம்.டி.எஃப் பலகையைச் சுவர் முழுக்கப் பொருத்தி, செங்குத்தாகக் கோடு கோடாய்ப் பள்ளம் இழுத்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். தீப்பெட்டி மாதிரி இருந்த அறை, கூரை ஒரு முழம் உயர்ந்தாற்போல நின்றது. செட்டிகுளத்து ஆசாரி முருகேசனைப் பிடித்தேன். வடக்குச் சுவரை மட்டும் முதலில் செய்வதாக ஏற்பாடு. உங்கள் படம் தெற்கே பார்த்து அங்கேதானே மாட்டியாக வேண்டும்?

முருகேசன் சுவரில் குறுக்கே ரீப்பர் என்கிற ஒல்லி மரக்கட்டைகளை அடித்து, அவற்றின் மேல் பலகையைத் திருகாணியால் முடுக்கினார். பிறகு பென்சிலால் அங்கங்கே சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டார்.

“சார், நல்லா கேட்டுக்கங்க. இந்தக் குறி இருக்கிற எடத்துலதான் பின்னாடி கட்டை இருக்கு. கனமா எதையாச்சும் மாட்டணும்னா இங்க மட்டும் ஆணி அடிங்க. மத்த எடமெல்லாம் உள்ள காத்துதான்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“அதான் சார் சொல்றேன்.”

அவர் ஊருக்குப் போனார். கடைசிப் பூச்சை நானே அடிக்கிறேன் என்று ரோலரை வாங்கிக்கொண்டேன். மாமாவுக்கு என் கையால் ஒரு காரியம் செய்ய வேண்டாமா? வெளிர் மஞ்சள். இரண்டு கோட்டு. எவ்வளவு அழகாக அடித்தேன் தெரியுமா? ஒரு பென்சில் குறி மிச்சமில்லை.

அது எனக்கு உறைத்தது திவசத்தன்று காலையில், கையில் சுத்தியலோடு நிற்கும்போது. தேக்குச் சட்டமும் தடித்த கண்ணாடியுமாக உங்களைப் பெரிதாக்கியதும் நான்தான். தூக்கினால் தோள்பட்டை இறங்குகிறது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் டொக் டொக். காது வைத்துக் கேட்டேன். அதே டொக். முருகேசனுக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் “சின்னப் பிள்ளையா” என்று கேட்டவன் எந்த முகத்தோடு போடுவான்? குத்துமதிப்பாக நடுவில் ஒரு ஆணியை இறக்கினேன். வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போனது. அந்தச் சுகத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

படம் நின்றது. மாலை போட்டாயிற்று. உங்கள் பிள்ளை செந்தில் இலை விரித்துப் படையல் வைத்தான். அக்கா முன்பே சொல்லிவிட்டாள்: “நான் நெலப்படியிலேயே நின்னு கும்புட்டுக்கிறேன். யாரும் கூப்புடாதீங்க.” அப்படியே நின்று கும்பிட்டுவிட்டு, காக்காய்க்குச் சோறு வைக்கச் செந்திலோடு மாடிக்குப் போனாள்.

உங்கள் எறையூர் அக்கா, அதான் நான் அண்ணி என்று கூப்பிடுகிற மகராசி, சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்தே அவருக்குப் பொருமல்.

“எந்தம்பி கண்ண மூடின எடம். அத அட்டையப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. ஜவுளிக்கடையில சேல மாத்திப் பாக்குற ரூமாட்டம் இருக்கு.”

“அட்டை இல்லீங்க அண்ணி, எம்.டி.எஃப்.”

“எந்த எழவா இருந்தா என்ன? அவனுக்குப் புடிக்கலன்னா அவனே காட்டுவான்.”

அந்த நேரத்தில்தான் நீங்கள் காட்டினீர்கள்.

படத்தின் இடது மூலை ஒரு விரல் கீழே இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒன்றரை விரல். ஆணியைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் மாதிரி மெல்லப் புடைத்துக்கொண்டிருந்தது. அடியில் குத்துவிளக்கு, இலை, தண்ணீர்ச் செம்பு. படம் விழுந்தால் கண்ணாடி சோற்றில் சிதறும். அதுகூடப் பரவாயில்லை. “என் தம்பி இந்த அறையே வேணாம்னு எறங்கிட்டான்” என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா சாகிறவரைக்கும் அந்தப் படி தாண்டமாட்டாள். கழற்றி வைக்கலாம் என்றால், படைத்த பிறகு காக்காய் எடுக்கும்வரை படத்தை அசைக்கக் கூடாது.

எழுந்துபோய், பக்தி முற்றினவன்போலச் சட்டத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

“என்ன தம்பி, சாமி வந்துருச்சா?”

“மாமா நெனப்பு, அண்ணி.”

“உசுரோட இருக்கிறப்ப அவன் பக்கத்துல நிக்கவே பயப்படுவியே!”

மாடியில் அக்கா கா… கா… என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒரு காக்காயும் பதில் சொல்லவில்லை. பெரம்பலூர்க் காக்காயெல்லாம் அன்றைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தனவோ! என் கை முதலில் மரத்தது, பிறகு ஆடத் தொடங்கியது. கையோடு நீங்களும் ஆடினீர்கள். மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் என் தலையில் உதிர்ந்தன. அண்ணியின் கண் சுருங்குவதை, கண்ணை மூடிக்கொண்டே நான் பார்த்தேன். நீங்கள் உண்மையிலேயே கோபமாக இருந்தீர்களா? இல்லை, வழக்கம்போல எனக்கு வேடிக்கை காட்டினீர்களா?

படியில் கொலுசில்லாத காலடிச் சத்தம். அக்கா. நிலைப்படியில் வந்து நின்றவள் என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், புடைத்த பெயின்டைப் பார்த்தாள்.

“ஆணி புடிக்கலியாடா?”

“ஆமாக்கா.” பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆணி படக்கென்று இன்னும் கொஞ்சம் இறங்கியது. என் கை மடங்கியது. அடுத்து என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கைக்குப் பக்கத்தில் இரண்டு கை இருந்தது. அக்கா உள்ளே நின்றுகொண்டிருந்தாள். விளக்கைத் தாண்டி, இலையைத் தாண்டி எப்படி வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

“கைய எடு. ஆசாரிக்குப் போன் போடு. எப்பவாச்சும் ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கியா நீ?”

அந்தத் திட்டு எவ்வளவு இனிப்பாக இருந்தது! அண்ணி வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எறையூர் வரலாற்றில் இது முதல் முறை.

சற்று நேரத்தில் செந்தில் மாடியிலிருந்து இறங்கி வந்தான். “காக்கா எடுத்துருச்சும்மா. இனிமே படத்த எறக்கி வச்சிரலாம், குடும்மா.”

“வேணாம். ஆசாரி வரட்டும். நீங்கல்லாம் போயி சாப்புடுங்க.”

செட்டிகுளத்திலிருந்து முருகேசன் வண்டியில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா இறக்கி வைக்கவில்லை. சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினீர்கள் இரண்டு பேரும்? ஒட்டுக்கேட்கலாம் என்று போனேன். கதவோரத்தில் அண்ணி எனக்கு முன்பே இடம் பிடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

முருகேசன் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பூச்சுக்குள் மறைந்திருந்த திருகாணியைத் தேடிப் பிடித்து, கட்டையில் நீள ஸ்குரூ இறக்கிவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு அக்கா கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த மஞ்சள் அவருக்குப் புடிச்சிருக்காதுடா.”

“மாத்தி அடிச்சிரட்டுமாக்கா?”

“எனக்குப் புடிச்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கெழக்குச் சுவரு ஏன் மொட்டையா நிக்குது? அதுக்கு நான் கலர் சொல்றேன்.”

மயில்கழுத்து நீலம் சொல்லியிருக்கிறாள், மாமா. உங்களுக்கு அறவே ஆகாத நிறம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முருகேசனோடு போகிறேன். நீங்கள் எவ்வளவு செருமினாலும் சரி, அவள் கேட்ட நீலத்தைத்தான் அடிப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அந்த அறையிலிருந்து அக்கா தினமும் போன் போட்டுத் திட்டும்
உங்கள் ஒரே மச்சினன்,
கோபால்