போரான் கடிக்கவில்லை: வில்லை எண் 117 மீதான பதிவைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
இங்கார், த/பெ. தெமிர்ஹான் (வயது 15),
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
9, தானியக் கிடங்குத் தெரு,
அக்ஷோக்கி நகரம்.

பெறுநர்:
வட்டாரக் கால்நடைத் துறைத் தலைவர் அவர்கள்,
நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி,
அக்ஷோக்கி நகரம்.

பொருள்: நகராட்சி நாய்க் காப்பகத்தில் உள்ள போரான் என்னும் நாயின் பெயரில் ‘கடித்தது’ என்று எழுதப்பட்டிருப்பது பொய் என்பதாலும், வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதற்குக் கருணைக்கொலை ஊசி போட நாள் குறித்திருப்பதாலும், அதற்குள் பதிவைத் திருத்தி, காத்திருக்கும் வீட்டுக்கு அதை அனுப்ப வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற டிசம்பரில் தங்கள் அலுவலக வாசலில் நின்ற பனிமனிதனின் கழுத்தில் தங்கள் பெயர்ப் பலகையை மாட்டியது யார் என்று பள்ளிவரை விசாரணை வந்தது. அது நான்தான். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். கேட்காமலே இதை ஒப்புக்கொள்வது, கீழே எழுதியிருப்பதையும் தாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.

1. போரான் பதினான்கு மாத ஆண் நாய். பிப்ரவரிப் பனிப்புயலில் யாரோ அதைப் பெட்ரோல் பங்க் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். காப்பகப் பணியாளர் சவுலே அக்கா அவிழ்த்து வந்து, புயலின் பெயரையே வைத்தார். பாதி வேட்டை நாய். மறு பாதியைப் பற்றி அதன் தாய் எதுவும் எழுதி வைக்கவில்லை. அது நின்று நான் பார்த்ததில்லை. தண்ணீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிக்கும். பள்ளியில் என்னை வால் என்பார்கள். எங்கள் இருவரில் வால் அதற்கு, வால்தனம் எனக்கு. நான் சனிக்கிழமைதோறும் காப்பகத்துக்குப் போகிறவள். நாய்களுக்கு வீடு தேடி விளம்பரம் எழுதுவது என் பொறுப்பு. இந்த மனுவுக்கு வேர் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறது.

2. மார்ச் முதல் வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட விளம்பரம் இது: “நல்ல இடத்துப் பையன். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், மாமியாரை எதிர்த்துப் பேச மாட்டான். நாளெல்லாம் சோபாவில் தூக்கம். அமைதியான குடும்பம் தேவை.” முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒருவர் நம்பினார்.

நம்பியவர் லிடியா பெத்ரோவ்னா, ஓய்வு பெற்ற செவிலியர். நான்காம் மாடி, மின்தூக்கி கிடையாது, முழங்கால் வலி வேறு. மூன்றாம் நாள் உறைபனிப் படிக்கட்டில் போரான் ஒரு பூனையைக் கண்டது. லிடியா பெத்ரோவ்னா ஒரு மாடி தூரம் அதன் பின்னால் போனார், நடந்து அல்ல. கையில் கட்டோடு நாயைத் திருப்பித் தர வந்தபோது, அதற்காகத் தான் பின்னிய நீலச் சட்டையையும் கொண்டுவந்தார். “நாயில ஒரு குத்தமும் இல்ல கண்ணு. நான்தான் அதுக்குக் கெழவியாப் போயிட்டேன்” என்றார். விளம்பரத்தை எழுதியது நான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

3. இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இரண்டாம் விளம்பரத்தில், “திருடனைக் கண்டால் மென்று துப்பிவிடும்” என்று எழுதினேன். வண்டி கழுவுமிடம் நடத்தும் ருஸ்தம் அண்ணன் வந்து கூட்டிப்போனார், ஒன்றரை மீட்டர் சங்கிலியில் கட்டினார். ஐந்தாம் நாள் தண்ணீர் பீய்ச்சும் குழாய் திருடு போனது. “திருடன் மூஞ்சியை நக்கியிருக்கு! குழாயைச் சுருட்டிக் குடுக்காததுதான் பாக்கி! இதையா காவல் நாயின்னு எழுதினே, எழுத்தாளரம்மா?” என்று கத்தி, நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார். போரானின் கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண் இருந்தது. அது ஆறும்வரை நான்தான் மருந்து போட்டேன். அப்போதும் அது நிற்கவில்லை. நான்தான் சுற்றிச் சுற்றி நடந்து போட்டேன்.

4. இரண்டு முறை திரும்பி வந்த நாயை மூன்றாவதாக யாரும் கேட்பதில்லை. காப்பகத்தில் முப்பது நாய்க்கு இடம், இருந்தது ஐம்பத்திரண்டு. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் மூன்றாம் பொய்யை நேரில், வாயால், சொந்தத் தாய்மாமனிடமே சொன்னேன். “ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும் மாமா, கூப்பிட்டா வரும், உக்காருன்னா உக்காரும்” என்றேன். ஒராஸ்பெக் மாமா என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார்.

5. ஏப்ரல் ஏழாம் தேதி மதியம் நடந்ததை வரிசை பிசகாமல் எழுதுகிறேன். மாமாவின் மகளைக் கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தி மிர்ஸாகெல்தி அவர்கள் முதன்முறையாக விருந்துக்கு வந்திருந்தார். கைகழுவத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. ஆகவே நான் நேரில் கண்ட சாட்சி. மாமா, மூத்த விருந்தாளிக்கு உரிய முதல் மரியாதையாக, வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, அதன் மூக்கு சம்பந்தியைப் பார்க்கும்படி திருப்பி, இரு கையாலும் நீட்டினார். சம்பந்தி கத்தியை எடுத்தார். காதை அறுக்கக் கத்தி இறங்குகிற நேரம், திறந்திருந்த ஜன்னல் வழியாகப் போரான் வந்தது, மறு காதைக் கவ்வியது, தலையோடு வந்த வழியே போய்விட்டது. கத்தி மட்டும் இறங்க வேண்டிய இடத்திலேயே இறங்கியது. அங்கே இப்போது சம்பந்தியின் கட்டைவிரல் இருந்தது.

தலை போகிற காரியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே தலை போயே விட்டது. வெறும் தட்டைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். முதலில் வாயைத் திறந்தவர் குல்பானு மாமி. “கடிச்சிடுச்சு! ஐயோ, சம்பந்தி அண்ணனை நாய் கடிச்சிடுச்சு!” என்றார். சம்பந்தி தன் விரலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார். “ஆமா, கடிச்சிடுச்சு” என்றார்.

6. ஏன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். சம்பந்தியை நாய் கடித்தால் ஊர் அனுதாபப்படும். சம்பந்திக்கு வைத்த தலையை நாய் தூக்கிப் போனால் ஏழு தலைமுறைக்குப் பேசும். மாமியின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர் இரண்டு குடும்பத்தின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றினார். ஆனால் அந்த வார்த்தை மருத்துவமனைச் சீட்டில் ஏறி, அங்கிருந்து தங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டது. சம்பந்தி வெறிநாய்க்கடி ஊசி இதுவரை மூன்று போட்டுக்கொண்டார், இன்னும் இருக்கிறது. மானத்துக்காக அவருக்கு ஊசி. அதே மானத்துக்காக வெள்ளிக்கிழமை போரானுக்கும் ஊசி. அவர் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

காப்பக வண்டி மறுநாள் வந்தபோது, “கடிச்சதை யாரெல்லாம் பாத்தீங்க?” என்று ஓட்டுநர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் மாமா வீடு. நானும் ஆட்டினேன். மக்கள் வழக்கமாக நாயைத்தான் பாவம் என்பார்கள். நாய் பாவம்தான், செய்த பாவம் என்னுடையது.

7. கடித்த நாயின் கழுத்தில் எண்ணிட்ட சிவப்பு வில்லை (போரானுக்கு 117), பத்து நாள் தனிக்கூண்டு, பிறகு ஊசி, யாருக்கும் தரக்கூடாது என்பது காப்பக விதி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வாரமே முதன்முறையாக ஓர் உண்மை விளம்பரம் எழுதி ரயில் நிலையச் சுவரில் ஒட்டினேன்: “போரான். நிற்காது. இழுக்கும். கண்டதையும் தின்னும். திருடனை நக்கும். விருந்துக்கு ஆகாது. நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கிறவர் மட்டும் வரவும்.” கடித்ததாகப் பொய் வழக்கு ஒன்று இருப்பதையும் எழுதினேன். யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ரவ்ஷான் என்ற அக்கா வந்தார். நாற்பத்தேழாம் எண் சிறு ரயில் நிறுத்தத்தில் தண்டவாளம் சோதிப்பவர். தினமும் பதினெட்டுக் கிலோமீட்டர், கையில் சுத்தியலும் கொடியுமாகத் தனியே நடப்பவர். “ஓடுதுன்னா திருப்பிக் குடுத்தாங்க? உக்காருற நாயை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ஓநாய் வந்தா கொடியைக் காட்டவா?” என்றார்.

கூண்டருகே அழைத்துப் போனேன். போரான் எழுந்திருக்கவில்லை. ஏழு நாள் அந்தப் பெட்டிக்குள் இருந்த நாய், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தது. ரவ்ஷான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “எழுதினது நெசந்தானா தங்கச்சி?” என்றார். நான் பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள். உண்மையை எழுதிய அன்று நாயே என்னைப் பொய்யாக்கியது. அவர் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, தண்டவாளத்தில் தட்டுவதுபோலக் கூண்டுக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். போரானின் இடது காது எழுந்தது. பிறகு மற்றது. பிறகு போரான் எழுந்தது. “இது போதும்” என்றார் ரவ்ஷான் அக்கா. “எனக்கு அடுத்த லீவு வெள்ளிக்கிழமைதான். வந்து கூட்டிக்கிறேன்.”

ஐயா, தங்கள் ஊழியர்கள் அந்தக் கூண்டின் தாளில் ‘நாய் அமைதியாக உள்ளது’ என்று தினமும் எழுதுகிறார்கள். அது அமைதி அல்ல.

8. பதிவைத் திருத்தப் புகார் கொடுத்தவரே எழுதித் தர வேண்டும் என்று சவுலே அக்கா சொன்னார். திங்கள்கிழமை, புகாரில் கையெழுத்திட்ட மாமாவிடம் போனேன். “ஒரு நாய்க்காக நான் சம்பந்தி முன்னால நாறணுமா? போடி, உன் ஆட்டுக்குட்டியாலதான் எல்லாம்!” என்றார். அவர் சொன்னது உண்மை. எனவே வேறு வழியில் கேட்டேன். மருமக்கள் தாய்மாமனிடம் மூன்று முறை எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். தாங்களும் யாரோ ஒரு மாமனுக்கு மருமகன்தான். என் மூன்றில் இரண்டை ஏற்கெனவே விளையாட்டில் கரைத்துவிட்டேன்: ஒரு முறை அவருடைய நரித்தோல் தொப்பி, மறுமுறை அவருடைய மீசையில் பாதி. மூன்றாவதை, மாமா வீட்டில் பிறந்த நாள் முதல் நான் கண் வைத்திருக்கும் கறுப்புக் குதிரைக்குட்டிக்காக வைத்திருந்தேன். மாமாவுக்கும் அது தெரியும்.

“குட்டியைப் புடிச்சிட்டுப் போ. இன்னைக்கே புடிச்சிட்டுப் போ. கடுதாசி மட்டும் கேக்காதே” என்றார்.

நான் கடிதத்தைக் கேட்டேன்.

அவர் எழுதினார். பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதினார். எழுதி முடித்து மேசைமேல் வைத்தார், என் கையில் தரவில்லை. மாமி தேநீர் ஊற்றவில்லை. எங்கள் ஊரில் தேநீர் தராமல் அனுப்புவது என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. அம்மாவிடமும் மாமா அன்றிலிருந்து பேசவில்லை.

9. அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். காயம் கத்தியால் ஆனது, நாயால் அல்ல என்று அதில் உள்ளது. காயம் ஒரே நேர்க்கோடு என்பதை மருத்துவமனைச் சீட்டிலும் பார்க்கலாம். போரானுக்கு முன்பல்லே கோணல். சம்பந்திக்கு மீதி ஊசி வேண்டாம் என்பதையும் யாராவது பக்குவமாக அவரிடம் சொன்னால் நல்லது. கடிதத்தைத் தாங்கள் மட்டும் படிக்கவும். நகல் எடுக்க வேண்டாம், அலுவலகத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டாம். நானும் நகல் எடுக்கவில்லை. சிரிக்கத் தோன்றினால் கதவைச் சாத்திக்கொள்ளவும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

10. ஆகவே நான் வேண்டுவது:

வில்லை எண் 117-இன் பதிவிலிருந்து ‘கடித்தது’ என்ற சொல்லை நீக்க வேண்டும். ரவ்ஷான் அக்காவின் ரயில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு வருகிறது. ஊசிக்குக் குறித்த நேரம் காலை பதினொன்று. கோப்பில் முடிவெடுக்கத் தாமதமானால், இடையிலுள்ள அந்த மூன்று மணி நாற்பது நிமிடத்தையாவது தாங்கள் தர வேண்டும். பொய் விளம்பரத்துக்கும் பொய்த் தலையாட்டலுக்கும் உள்ள தண்டனையை எனக்கு விதிக்க வேண்டும். லிடியா பெத்ரோவ்னாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

முடிவு வேறாக இருக்குமானால், அதை ரவ்ஷான் அக்காவுக்குக் காப்பகத்திலிருந்து தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். தண்டவாளத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் செய்தி அப்படிப் போகக்கூடாது. நான் ரயில் நிலையத்தில் நின்று, அவர் இறங்கியதும், முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேலையை எனக்குத் தராமலிருக்கத் தங்களால் முடியும் என்ற நம்பிக்கையோடு, பதிலுக்காகத் தங்கள் அறை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நாள்: ஏப்ரல் 16, புதன்கிழமை
இடம்: அக்ஷோக்கி

இப்படிக்கு,
தெமிர்ஹான் மகள் இங்கார்
(கையொப்பம்)