விருந்தாளிக்குச் சொன்ன பதில்

1988 கார்த்திகை 18, வெள்ளி. வைலே நகரம்.

இரண்டு மணித்தியாலம் மொழிபெயர்த்துவிட்டு வந்து இந்த நாட்குறிப்பை எழுதுகிறேன். மனம் ஆறவில்லை.

அமெரிக்க நாவலாசிரியை ஒருவர் இன்று நூலகத்துக்கு வந்தார். தகரத்தில் மீன் அடைக்கும் ரின்மீன் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதுவதற்காக முன்பு எட்டு மாதம் அங்கேயே மீன் வெட்டியவர். விரல்களில் தழும்பு இன்னும் இருக்கிறது. அகதிகளாய் வந்த எங்கள் ஐந்து பேரின் குடும்பங்களை இந்த நாடு வரவிடாமல் வைத்திருப்பதை எங்கள் வாயாலேயே கேட்க வந்திருந்தார். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் ஆங்கிலத்தில். அதனால் என்னைப் பக்கத்தில் இருத்தினார்கள்.

"மனைவி இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?" என்று எங்களில் மூத்தவரான செபமாலை அண்ணையிடம் கேட்டார்.

அண்ணை எழும்பி நின்று சிரித்தார். "நல்ல சுகம் எண்டு சொல்லு பிள்ளை. தூரத்தால வந்த மனிசி, முதல்ல தேத்தண்ணியைக் குடிக்கட்டும்."

வீடு தேடி வந்தவரிடம் எங்களுக்குக் குறை சொல்ல வராது. அது தெரிந்தும் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் சுகம் என்றே சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார். "உன்ரை அம்மாவை இஞ்ச கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னனியே?"

"இல்லை."

"படிச்ச பிள்ளைக்கு வாய் இல்லையே?"

"நீங்கள் மட்டும் சொன்னனீங்களோ, அண்ணை?"

அவர் சைக்கிளை எடுத்தார்.

நாவலாசிரியை நாளைக் காலை ரயிலில் கோபன்ஹேகன் போகிறார். ஸ்டேஷனில் அவரிடம் இதைக் கேட்கவேண்டும்: மன்னாரில் என் அம்மா தனியே இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. அவரைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதினான்கு மாதமாகப் பதில் இல்லை. தயவுசெய்து அவரைப் பற்றி எழுதுங்கள்.