காற்றுக்கு எதிரே பன்னிரண்டு வாளிகள்

எசெக்ஸ் விமானத் திடல்,
செவ்வாய், 9 அக்டோபர் 1917

அன்பு மருமகள் ஹெஸ்டருக்கு,

மாமா நலம். நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஜெர்மன்காரன் இனி இருட்டில்தான் குண்டு போட வருவான், நம் பையன்களும் இருட்டில் பறந்து பழக வேண்டும் என்று மதுக்கடை மேசையைத் தட்டிச் சொன்னேன். சிரித்தார்கள். இப்போது அதற்கென்றே தனிப் படைப்பிரிவு! தொடங்கியபோது இரண்டு ஓட்டை விமானங்களும் நானும்தான். பறக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கே நான்தான் பாடம் எடுத்தேன் என்று வைத்துக்கொள்.

என் வேலை விளக்கு. பன்னிரண்டு வாளிகளில் பஞ்சைத் திணித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, புல்வெளியில் வரிசையாகக் கொளுத்துவேன். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் விமானம் சீக்கிரம் நிற்கும். காற்று வரும் முனையில் இரண்டு வாளிகளைக் குறுக்கே வைப்பேன்; காற்று எந்தப் பக்கம் என்று மேலே இருப்பவனுக்குச் சொல்வது அந்த வாளி வரிசைதான்.

வெள்ளிக்கிழமை உனக்கு நிச்சயித்த ரூபர்ட் முதல்முறை இருட்டில் தனியாகப் பறந்தான். பூவை வைப்பதுபோல் தரையில் இறக்கினான். ஆனால் விமானம் நிற்காமல் ஓடி, வேலியைப் பிய்த்துக்கொண்டு, கிழங்கு வயலில் மூக்கைக் குத்தியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

எங்கள் மேஜர்தான் கோபத்தில் குதித்தார். "ஏன்யா, ராத்திரியில உனக்குக் கண்ணே தெரியாதா? மூட்டையக் கட்டு, பிரான்ஸ் போர்முனைக்குப் போ!"

அவர் போனதும் ரூபர்ட் என் காதில் சொன்னான்: "மாமா, வரிசையத் தலைகீழா வச்சுட்டீங்க. காத்து முதுகுல தள்ளுச்சு. வாயத் திறக்காதீங்க, உங்க பதவிக் கைப்பட்டையப் புடுங்கிடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், களவாணிப் பயல்!

நான் விடுவேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜரிடம் போனேன். "ஐயா, தப்பு என்னுது. பையன் தங்கம்" என்று சொன்னேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். ரூபர்ட் இங்கேயே இருப்பான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்யாணம். உடையைத் தைக்கக் கொடு.

ஹெஸ்டர், மேஜரிடம் போனதாக எழுதினேனே, அது நான் கட்டிய கதை. நான்கு நாளாக அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன். ரூபர்ட்டைப் பிரான்சுக்கு அனுப்பும் ரயில் வியாழக்கிழமை. இந்தக் கடிதம் தபால் பெட்டியில் விழுந்துவிட்டால் பிறகு நான் பின்வாங்க முடியாது. அதனால் முதலில் இதைப் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராக அவரிடம் போகிறேன். உன் மாமாவின் கால் திரும்பாமல் இருக்க ஒரு ஜெபம் செய், கண்ணு.

உன் மாமா
ஜெத்ரோ