பஸ் நேரத்துக்கு மேலே உங்கள் படம் வராது

பிரியத்துக்குரிய இலியாஸ் அண்ணனுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் உங்களுக்கு மூன்று பேனர் வைத்தார்கள். மூன்றிலும் உங்கள் படம் தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்துகிறவர்கள் ஆளுயரம். இறந்தது இவர்களில் யார் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேட்டே விட்டார்.

நம் முதலாளிக்கு அதுவும் போதவில்லை. நீங்களும் நானும் உருவாக்கிய பஸ் நேர வலைப்பக்கத்திலும் அதே பேனர் வேண்டுமாம்.

"மலரு, நேரப் பட்டியலுக்கு மேலயே போடும்மா. எம் படம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கட்டும். கூட நாலு வரி."

நாலு வரி இரண்டு பக்கம் வந்தது. அதில் உங்கள் பெயர் ஒரு முறை இருந்தது.

அவருடைய பிறந்தநாள் வாழ்த்து ஞாபகம் இருக்கிறதா? அதைப் பட்டியலுக்கு நடுவில் வைத்தவள் நான்தான். கண் தெரிகிறவர்களுக்கு அது ஒரு வண்ணப் பெட்டி, பார்வை தாண்டிப் போய்விடும். பார்வையில்லாத நீங்கள், பக்கத்தை வாசித்துச் சொல்லும் போனைக் காதில் வைத்து நின்றீர்கள். அது வாழ்த்தை முழுக்க வாசித்து முடிப்பதற்குள் சங்கராபுரத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

"இன்னாம்மா மலரு, நான் வூட்டுக்குப் போவ நின்னுக்கினு இருக்கேன், உன் பக்கம் கேக்கு வெட்டிக்கினு இருக்குது?" என்று மறுநாள் கேட்டீர்கள்.

அன்றே இருவரும் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தோம். பட்டியல் 'மெயின்' என்ற குறிக்குள் போனது. வாழ்த்து, விளம்பரம், வானிலை எல்லாம் 'அசைட்' என்ற குறிக்குள். அந்தக் குறியைக் கண்டால் போன் 'இது கூடுதல் பகுதி' என்று முதலிலேயே சொல்லிவிடும். வேண்டாதவர் தாண்டிப் போகலாம்.

அதனால் உங்கள் அஞ்சலியையும் அசைட்டில்தான் வைத்தேன். தலைப்பில் உங்கள் பெயர் மட்டும். நீங்கள் இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்களா?

"செத்தவரைப் போயி கூடுதல் பகுதியில போட்டியே, நல்லாருக்குதா?" என்றார் முதலாளி.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு மொதல்ல பஸ்ஸுங்க."

"அப்போ உனுக்கு வேலை வேணாமா?"

"வேணுங்க. அதத்தான் செஞ்சிக்கினு இருக்கேன்."

வெள்ளிக்கிழமைக்குள் மாற்று, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார். இன்று வெள்ளி. மாற்றவில்லை.

காலையில் திரையை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். முதலில் கச்சிராயபாளையம், அடுத்து வெள்ளிமலை, அடுத்து சங்கராபுரம். எல்லா பஸ்ஸும் போன பிறகுதான் உங்கள் பெயர் வந்தது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஏறிப் போயிருப்பார்கள். போகட்டும்.

இந்த வேலை போனால் இன்னொரு பக்கம் திறப்பேன். அதிலும் பஸ்தான் முதலில். அதற்கு முன்னால் யாரையும் நிற்க விடமாட்டேன், அண்ணே. நீங்களே வந்து கேட்டாலும்.

உங்களிடம் திட்டு வாங்கித் தங்கச்சியானவள்,
மலர்க்கொடி