கலீல் ரஹ்மான் கையெழுத்திட்ட இரண்டு குப்பிகள்

கம்பம்,
12.11.1999

அன்புள்ள அனிதா,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி. ஆறு மாதப் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் எனக்கு உயிர் நிற்பதில்லை. இப்போதுதான் தொட்டிலில் போட்டேன். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணும்.

உனக்குக் கொச்சி லேபில் வேலை நிரந்தரமாகிவிட்டதாக உன் அம்மா சொன்னார்கள். சந்தோஷம். ஒளிப்பானேன், இந்தக் கடிதமே அந்த லேபுக்காகத்தான்.

இதோடு லாரி ஓட்டும் செல்லப்பாண்டி அண்ணன் இரண்டு குப்பிகள் தருவார். இரண்டிலும் இஞ்சிப்புல் தைலம்; நாம் எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு வடித்தோமே, எலுமிச்சை மணக்கும் அதே புல். இரண்டிலும் 'மண்ணெண்ணெய்க் கலப்பு' என்று சீட்டு ஒட்டி, கீழே கலீல் ரஹ்மான் கையெழுத்து இருக்கும். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியத்தா, அத்தாவின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிட்ட மனிதர். இனிமேல் எனக்கு வெறும் கலீல் ரஹ்மான்.

உனக்குப் பாதிதான் தெரியும். மலைமேல் அவருக்குப் புல்தோட்டமும் தைலம் வடிக்கும் கொப்பரையும், ஊரில் தைலம் வாங்கும் கடையும் உண்டு. அவர் கொடுத்த நாற்றைத்தான் நாங்கள் அடிவாரத்தில் நட்டோம். அறுத்த புல்லை அவர் கொப்பரைக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். போன வருடம் இவர் சொந்தக் கொப்பரை போட்டார். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஐப்பசி மழையில் அறுத்த முதல் வடிப்பை இவர் அவர் கடைக்குக் கொண்டுபோனார். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து, ஒரு டீ குடித்து முடித்து, மறுபடி முகர்ந்துதான் தீர்ப்புச் சொல்வது இங்கே வழக்கம். வேண்டாமென்றால் காரணத்தைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் குப்பியில் ஒட்டுவார்கள். அப்புறம் அந்த ஆளின் தைலத்தை எந்தக் கடையும் தொடாது. அன்றைக்கு டீ வரவே இல்லை. மூடியைத் திறந்தவுடன் ஒட்டிவிட்டார். எங்கள் கொப்பரை அணைந்தது. தை மாதம் இவர் ஷார்ஜா போனார். பெற்ற மகளை இன்னும் போட்டோவில்தான் பார்க்கிறார்.

நம் அட்டவணை உனக்கு நினைவிருக்கும். கோடை வெட்டில் எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் எண்பத்திரண்டு சதவீதம். அதே வயலில் மழை வெட்டில் அறுபத்தெட்டு. மணமும் மாறும், எலுமிச்சை அடங்கிப் பச்சைக் காரம் ஏறும். ஒரே தூரில் பிரித்த நாற்றுக்கூட மலையில் ஒரு மாதிரி, அடிவாரத்தில் ஒரு மாதிரி மணக்கும். கலீல் ரஹ்மான் மூக்குக்குத் தெரிந்தது மலைக் கோடைத் தைலம் மட்டும். அவருடைய மழைத் தைலத்தை அவர் முகர்ந்ததே இல்லை. கொப்பரையிலிருந்து நேராக டிரம்மில் ஊற்றிக் கோடைத் தைலத்தோடு கலந்துவிடுவார்கள்.

அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவர் கொப்பரையில் வேலை பார்க்கும் ராமுத்தாயிடம் இந்த வார வடிப்பில் ஒரு குப்பி கேட்டேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். "எம்மகள மொதலாளி நாலு பேருக்கு முன்னாடி கள்ளின்னு சொன்னாகள்ல, ஒரு குப்பி என்னா தாயி, கேனோட தாரேன். அங்கன வேல போனா இங்கன வாரேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். வியாபாரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் தோட்டத்துத் தைலம் என்று அவருடைய தைலத்தையே நீட்டினேன். பொய்தான். பாவமென்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மூடியைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார். "ஏத்தா, அஷ்ரப்பு ஷார்ஜா போயும் இந்த மண்ணெண்ண வாடை போகலையே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர், "பிள்ளைக்காச்சும் நல்ல எண்ணெயாத் தேச்சு விடுத்தா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "சீட்டு ஒட்டிக் குடுங்க மாமா" என்றேன். தேதி போட்டு ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. பாப்பாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி அவர் மகனுக்கு நிக்காஹ். கம்பம், உத்தமபாளையம் வியாபாரிகள் எல்லோரும் வருவார்கள். பிரியாணி பரிமாறும் முன்னால் இரண்டு குப்பியையும் உன் லேப் தாளையும் சபையில் வைக்கப் போகிறேன். உங்கள் கொப்பரைத் தைலத்தில் நீங்களே கண்டுபிடித்த மண்ணெண்ணெய் எங்கே என்று கேட்பேன். அவர் மகன் காது கேட்க, வந்த சம்பந்தி காது கேட்க. நல்ல நாளில் இப்படிச் செய்யலாமா என்று நீ கேட்பாய். என் நல்ல நாளெல்லாம் அந்தச் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது, அனிதா.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நேரமானது.

இவர் வடித்த போன வருடத்துக் குப்பியை முதலில் எந்திரத்தில் ஏற்று. ஒரு வருடத்தில் சிட்ரால் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் மண்ணெண்ணெய் இருந்தால் அது எங்கும் போயிருக்காது. மழையில் ஈர விறகு பற்றாமல் இவர் எங்கள் கொப்பரைப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் டின் வைத்திருந்தார். சீட்டு ஒட்டிய அன்றைக்கு இவர் கடையிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. நான் கலக்கவில்லை என்று ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஷார்ஜாவுக்கு எழுதிய இருபது கடிதத்திலும் கேட்கவில்லை.

சுத்தமாக இருந்தால் இரண்டு குப்பியின் தாளையும் முத்திரை வைத்து அனுப்பு. இல்லையென்றால் தாள் வேண்டாம். உன் கையால் ஒரு வரி எழுது, எனக்கு மட்டும். எனக்குப் பரிந்து ஒரு எண்ணைக்கூட மாற்றிவிடாதே.

பாப்பா சிணுங்குகிறாள். அல்லாஹ் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். சீக்கிரம் பதில் போடு.

உன்
ஷர்மின்